சாமி கேட்ட தண்ணீர்

லாரி ஓட்டிய காலத்திலேயே கொப்பையாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அறுபது வயதில், தன்னைவிடப் பன்னிரண்டு வயது இளைய சாமியிடம் சீடராகச் சேர்ந்தார். கோபமும் கூடவே வந்து சேர்ந்துகொண்டது.

அக்கினி நட்சத்திரத்தில் சாமிக்குக் குடலிறக்க ஆபரேஷன். இரண்டாம் நாளே மடத்துக்குக் கூட்டி வந்துவிட்டார்கள். சுற்றிலும் கரிசல் காடு, காற்றடித்தால் முகம் எரியும். தண்ணீர் நிறையக் குடிக்கவேண்டும் என்று ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதியிருந்தது. கொப்பையா அதை மடித்து விபூதித் தட்டுக்கு அடியில் வைத்துவிட்டார். தையல் போட்ட உடம்பில் தண்ணீர் சேர்ந்தால் சீழ் வைக்கும் என்பது அவர் வீட்டுப் பத்தியம். சீட்டு எழுதினவனுக்கு என்ன தெரியும்?

"தாகமா இருக்குண்ணே" என்றார் சாமி.

கொப்பையா பஞ்சை நனைத்து உதட்டில் தடவினார்.

"ஒரு டம்ளர் குடுங்க."

"முடியாது சாமி."

சாமி திரும்பத் திரும்பக் கேட்டார். கெஞ்சினார். குருவே கெஞ்சுகிறார் என்றால் இது சோதனைதான், சந்தேகமே இல்லை. கொப்பையா பல்லைக் கடித்துக்கொண்டு பானையைக் கொல்லைக்குத் தூக்கிப்போய் வைத்தார். சாமி கண்ணில் படாமல் தானும் அங்கேயே போய்க் குடித்தார்; டம்ளர் சத்தம் மட்டும் உள்ளே கேட்டது.

மறுநாள் மத்தியானம் காயத்துக்குக் கட்டு மாற்ற வந்த நர்ஸ் ஜெசிந்தா, சாமியின் நாக்கைப் பார்த்ததும் கட்டை மறந்துவிட்டாள்.

"ஒண்ணுக்குப் போனாரா?"

"நேத்துக் காலையில."

"தண்ணி குடுக்கலையா?"

"பத்தியம்மா."

"என்ன பெரிய பத்தியம்? ஆளைக் காயப்போட்டுக் கொல்லப் பாத்திருக்கீங்க. சாயங்காலத்துக்குள்ள போகலைன்னா ஆஸ்பத்திரிக்குத் தூக்கணும். கிட்னி போயிரும், தெரியுமா?"

உப்பும் சர்க்கரையும் கரைத்து அவளே மடக்கு மடக்காகக் கொடுத்தாள். வாசலில் நின்ற கொப்பையா, இந்தப் பொம்பளை யாரு என்னைக் கேக்க என்று முணுமுணுத்தார். ஆனாலும் கடிகாரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

ஐந்து மணிக்குச் சாமி ஒண்ணுக்குப் போனார். ஜெசிந்தா கொப்பையாவின் முகத்தைக்கூடப் பார்க்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

அவள் தலை மறைந்ததும் கொப்பையா வெடித்தார்.

"நான் பண்றது தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சாமி? நீங்க போய்ச் சேந்திருந்தா நான் என்ன ஆகியிருப்பேன்?"

"கேட்டுக்கிட்டேதானே இருந்தேன்."

"சோதிக்கிறீங்கன்னுல்ல நெனச்சேன். நான் அசையுறேனா பாக்குறீங்கன்னு நெனச்சேன். இல்லைன்னா எதுக்கு அத்தனை தடவை கேட்டீங்க?"

சாமிக்கும் கோபம் வந்துவிட்டது. தையலைக் கையால் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார்.

"கொல்லையில போய் ஒளிஞ்சு குடிச்சீங்களே அண்ணே, அது எதுக்கு?"

கொப்பையா தலையைக் குனிந்துகொண்டார்.

"தாகத்துக்கு."

"நானும் அதுக்குத்தான் கேட்டேன். போய்ப் பானையை எடுத்துட்டு வாங்க."