நேற்று ஸ்டார்ட் ஆன கார்

ஆறுக்குட்டிக்குப் பெண் பார்க்கப் போன கார் கோத்தகிரியில் நின்றுபோன கதையை ஆளுக்கு ஒருவிதமாகச் சொல்கிறார்கள். எருமை காரை ஓட்டி வந்தது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அது பொய். எருமை முன்னால் நடந்து வந்தது, அவ்வளவுதான்.

காரில் வந்தவர்கள் நான்கு பேர். மாப்பிள்ளை ஆறுக்குட்டி. வயது முப்பத்தாறு. பார்த்த இடமெல்லாம் கை நழுவிப் போய், இதுவும் போனால் இனி பெண் தேடுவதில்லை என்று அவன் அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். தாய்மாமன் சென்னியப்பன், எதையும் தீர யோசித்துப் பேசுகிறவர் என்று ஊரில் பெயர். சித்தப்பா நாச்சிமுத்து, வழித்துணைக்கு வந்தவர். நான்காவது ஆள் குழந்தைசாமி. கார் அவருடையது. அதை ஓட்டுகிறவரும் அவர்தான்.

முதல் நாளே மலையேறி லாட்ஜில் தங்கினார்கள். விடிந்து பார்த்தால் தை மாதத்து உறைபனி. புல்லெல்லாம் உப்பைத் தூவினாற்போல் வெளுத்துக் கிடந்தது. காரின் கண்ணாடியில் பனி அப்பியிருந்தது. குழந்தைசாமி சாவியைத் திருகினார். க்ர்ர்ர் என்றது. மறுபடி திருகினார். க்ர் என்றது. மூன்றாம் முறை அதுவும் சொல்லவில்லை.

பெண் வீடு அங்கிருந்து மூன்று மைல் மேலே. பன்னிரண்டு மணிக்குள் வந்துவிட வேண்டும், அதற்கப்புறம் குன்னூரிலிருந்து வேறொரு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்று பெண்ணின் அப்பா பெரியண்ணன் முன்கூட்டியே சொல்லியிருந்தார்.

"நடந்து போயிடலாமே மாமா" என்றான் ஆறுக்குட்டி.

"நடந்தா? கார் இல்லாத குடும்பம்னு நெனைச்சுக்குவாங்க மாப்ள."

"நம்மகிட்டத்தான் கார் இல்லீங்களே. இது குழந்தைசாமியண்ணன் காரு."

"அதை எதுக்கு அவங்களுக்குத் தெரிய வெக்கோணும்?"

குழந்தைசாமி மேட்டுப்பாளையத்திலிருக்கும் மெக்கானிக்குக்கு ஃபோன் போட்டார். மெக்கானிக் அப்போது ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்தார். அதனால் சுருக்கமாகப் பேசினார்.

"நேத்து ஸ்டார்ட் ஆச்சில்ல? நேத்துக்கும் இன்னிக்கும் என்ன வித்தியாசம்னு பாருங்க. அதைச் சரி பண்ணுங்க. தன்னால எடுத்துக்கும்."

குழந்தைசாமி ஃபோனை வைத்துவிட்டு மெக்கானிக் சொன்னதை அப்படியே சொன்னார். சென்னியப்பன் கண்ணை மூடித் திறந்தார்.

"படிச்ச ஆளுய்யா. நேத்துக் காலையில நம்ம ஊர்ல எப்படி இருந்துச்சோ, அப்படியே இன்னிக்கும் இருக்கோணும். எது மாறியிருக்குதோ அதான் கோளாறு. எல்லாரும் யோசிங்க."

யோசித்தார்கள். பற்கள் கடகடவென்று அடித்துக்கொண்டிருந்தன.

"நேத்து இப்படிக் குளுரல" என்றான் ஆறுக்குட்டி.

"குளுரு நமக்கு மாப்ள. காரு இரும்பு. இரும்புக்கு எது குளுரு? வித்தியாசம் எதுன்னு கேட்டா, வெவரம் தெரியாத மாதிரி பேசறயே."

நாச்சிமுத்து கையைத் தூக்கினார். "மச்சான், நேத்து யாரும் ஸ்வெட்டர் போடல. கொரங்கு குல்லாவும் போடல."

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுக்க முடியாத உண்மை. நான்கு பேரும் ஸ்வெட்டரையும் குல்லாவையும் கழற்றி லாட்ஜ் வாசலில் அடுக்கி வைத்தார்கள். சட்டையோடு காருக்குள் உட்கார்ந்தார்கள். சாவி திரும்பியது. ஒன்றும் இல்லை. ஆனால் முன்னைவிட நடுக்கம் அதிகமாக இருந்ததால் கார் லேசாக ஆடியது. அதை முன்னேற்றம் என்றார் சென்னியப்பன்.

"நேத்து கெளம்பறப்போ ஒரு சண்டை நடந்துச்சு" என்று நினைவுபடுத்தினார் குழந்தைசாமி.

நடந்தது உண்மை. பெண் வீட்டுக்கு வாங்கிய வாழைப்பழச் சீப்பிலிருந்து நாச்சிமுத்து ஒரு பழத்தைப் பிய்த்துத் தின்றுவிட்டார். சென்னியப்பன் திட்டினார். அந்தச் சண்டைக்கு நடுவில்தான் கார் ஸ்டார்ட் ஆனது.

"அப்ப நான் ஒரு பழம் திங்கோணும்" என்றார் நாச்சிமுத்து கடமையுணர்ச்சியோடு. தின்றார்.

"பொண்ணு வீட்டுப் பழத்தைத் திங்கறயே, வெக்கமா இல்ல?" என்று சென்னியப்பன் ஆரம்பித்தார்.

"ஒரு பழத்துல என்ன மச்சான் கொறைஞ்சு போச்சு?"

"உங்கண்ணன் கல்யாணத்துலயும் பந்திக்கு முந்தியே எலையில உக்காந்த ஆளு நீ!"

நாச்சிமுத்து விறைத்துப் போனார். "மச்சான், இது நேத்துச் சொல்லல."

"நேத்தே சொல்லியிருக்கோணும். மறந்துட்டேன்."

"நேத்துச் சொல்லாததை இன்னிக்கிச் சொன்னா வண்டி எப்படி எடுக்கும்? வாபஸ் வாங்குங்க."

சென்னியப்பன் வாபஸ் வாங்கினார். சண்டையை முதலிலிருந்து நடத்தினார்கள். அதற்கு இன்னொரு பழம் செலவானது. கார் அசையவில்லை. ஆறுக்குட்டி மேல்ரோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான். போகிற ஒவ்வொரு காரும் குன்னூர்க் காராக அவனுக்குத் தெரிந்தது.

"எருமை!" என்று கத்தினார் குழந்தைசாமி. "நேத்து வண்டிக்கு முன்னால ஒரு எருமை நின்னுச்சுங்ண்ணா. ஹாரன் அடிச்சு வெரட்டுனேன்."

கோத்தகிரியில் எருமைக்குப் பஞ்சமில்லை. லாட்ஜுக்குப் பின்னால் இருந்த பால்காரர், எருமையை மட்டும் தனியாக அனுப்ப முடியாது, நானும் வருவேன் என்றார். எருமையைக் கொண்டுவந்து காருக்கு முன்னால் நிறுத்தினார்கள். நேற்று அது இடது பக்கம் பார்த்து நின்றதாகக் குழந்தைசாமிக்கு ஞாபகம். திருப்பி நிறுத்தவே வெகுநேரம் ஆனது. அதற்குள் வெயில் மலைக்கு மேலே ஏறி, பானெட்டில் இருந்த பனி சொட்டுச் சொட்டாக வடிந்து, கார் முழுக்கக் காய்ந்து சூடேறியிருந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. எருமையைத்தான் கவனித்தார்கள்.

சாவி திரும்பியது. கார் உறுமியது.

"பாத்தயா!" என்று சென்னியப்பன் எருமையைத் தட்டிக்கொடுத்தார்.

எருமையை விட்டுவிட்டுப் போனால் வழியில் நின்றுவிடுமே! முன்னால் எருமை, அதைப் பிடித்துக்கொண்டு பால்காரர், பின்னால் கார். அந்த வேகத்தில் மூன்று மைல். பெண் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டு ஆகப் பத்து நிமிஷம்.

பெரியண்ணன் முகம் மலர்ந்து வந்தார். எருமையைப் பார்த்தார். "சீருங்களா?"

"இல்லீங்க. இது காருக்கு" என்றார் சென்னியப்பன்.

பெரியண்ணன் தலையாட்டினார். கேள்வி கேட்டுச் சம்பந்திகளைச் சங்கடப்படுத்துகிற ஆள் அல்ல அவர்.

பெண் தமயந்தி டீ கொண்டுவந்தாள். கேசரி வந்தது, பஜ்ஜி வந்தது. பையனும் பொண்ணும் இரண்டு வார்த்தை பேசட்டும் என்று தோட்டத்துப் பக்கம் அனுப்பினார்கள். எருமை அவள் வளர்த்த ரோஜாவை மேய்ந்துகொண்டிருந்தது.

"ஏனுங்க இப்படி நடுங்கறீங்க? என்னப் பாத்துப் பயமா?" என்று கேட்டாள் தமயந்தி.

"இல்லீங்க. நேத்து ஸ்வெட்டர் போடலீங்க, அதான்."

அவள் சிரித்தாள். அவனைப் பார்த்து ஒரு பெண் சிரித்து, உள்ளே போகாமல் நின்றது இதுவே முதல் தடவை. அவள் தோட்டத்துத் தேயிலையை ஜீப்பில் ஏற்றி ஃபேக்டரிக்குத் தானே ஓட்டிப் போவாளாம். ஆறுக்குட்டிக்கு சைக்கிள்கூடத் தடுமாற்றம். அதையும் ஒளிக்காமல் சொன்னான். அதற்கும் சிரித்தாள்.

இரு பக்கமும் பிடித்துப்போய், தட்டு மாற்றிக்கொண்டார்கள். குன்னூர்க்காரர்களுக்கு வரவேண்டாம் என்று ஃபோன் போனது. ஆறுக்குட்டி தன் பிறவிப் பயனை அடைந்துவிட்டதாக நினைத்தான்.

பொழுது சாய்ந்தது. மூடுபனி இறங்கியது. கார் க்ர் என்றது.

சென்னியப்பன் பதறவில்லை. இப்போது அவருக்கு வழி தெரியும். "காலையில எடுத்துச்சு. காலைக்கும் இப்பத்திக்கும் என்ன வித்தியாசம்?"

எருமையை நிறுத்தினார்கள். நாச்சிமுத்து பெண் வீட்டாரிடமே ஒரு பழம் கேட்டு வாங்கித் தின்றார். சண்டை போட்டார்கள். பெண் வீட்டார் வரிசையாக நின்று பார்த்தார்கள். கார் அசையவில்லை.

சென்னியப்பன் நெடுநேரம் யோசித்தார். பிறகு பெரியண்ணனிடம் போய்க் கைகூப்பினார்.

"சம்பந்தி, தப்பா எடுத்துக்கக் கூடாது. காலையில வண்டி எடுத்தப்போ நிச்சயம் ஆகலீங்க. இப்ப ஆயிருச்சு. வேற வித்தியாசம் எதும் தெரியல. தட்டைத் திருப்பிக் குடுத்தீங்கன்னா, வண்டிய எடுத்துக்கறோம்."

ஆறுக்குட்டி இருவருக்கும் நடுவில் வந்து நின்றான். "மாமா!"

"நீ சும்மா இரு மாப்ள. பெரியவங்க பேசிட்டு இருக்கறோம்."

பெரியண்ணன் தாடையைத் தடவினார். "பேச்சு நியாயந்தானுங்க. வண்டி இல்லாம எப்படிப் போவீங்க?" தட்டைக் கொண்டுவரச் சொன்னார். "அப்ப குன்னூருக்கு மறுபடி ஃபோன் போட்டறட்டுங்களா?"

"போடுங்க. கணக்குச் சரியா இருக்கோணும்."

தட்டு திரும்பியது. அப்போதும் குழந்தைசாமிக்குச் சந்தேகம் தீரவில்லை. "அண்ணா, காலையில மாப்பிள்ளை பொண்ணைப் பாக்கவே இல்லீங்களே?"

பார்த்ததை எப்படித் திருப்பிக் கொடுப்பது? அதற்கும் வழி சொன்னார் சென்னியப்பன். ஆறுக்குட்டியைக் காரின் பின்சீட்டில் உட்காரவைத்துக் கண்ணை இறுக மூடிக்கொள்ளச் சொன்னார்கள். அவன் மூடிக்கொண்டான். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது.

கார் எடுக்கவில்லை. உள்ளே பெரியண்ணன் ஃபோனைத் தேடிக்கொண்டிருந்தார்.

தமயந்தி ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு இறங்கி வந்தாள். "மாமா, இன்னொரு வித்தியாசத்தை விட்டுட்டீங்க. காலையில வண்டி லாட்ஜ் முன்னாலதானுங்களே நின்னுச்சு?"

சென்னியப்பன் காரையும் கீழே போகிற ரோட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கீழ எறக்கம்தான். எல்லாரும் பின்னால வந்து தள்ளுங்க. ஸ்டீயரிங்கை நான் பாத்துக்கறேன்."

தள்ளினார்கள். கார் இறக்கத்தில் உருண்டது. இரண்டாவது கியரில் கிளட்சை விட்டாள். கார் ஒரு குலுக்குக் குலுக்கி உறுமியது.

"கண்ணைத் தொறங்க" என்றாள்.

"முடியாதுங்க. நான் இன்னும் உங்களைப் பாக்கலீங்க."

"வண்டி ஓடுது. தொறந்து பாருங்க."

திறந்தான். டிரைவருக்கு மேலே இருந்த சின்னக் கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. அவளும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வண்டியைத் திருப்பி, என்ஜின் ஓட ஓடவே வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தாள். "அப்பா, ஃபோனை வெய்ங்க" என்றாள். பானெட் மேலேயே தட்டை மறுபடி மாற்றினார்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது. ஏறுங்கள், கிளம்பலாம் என்றான் ஆறுக்குட்டி.

யாரும் ஏறவில்லை.

சென்னியப்பன் முகத்தில் ஞானம் பிறந்திருந்தது. "காலையில இருந்து எதையெதையோ சந்தேகப்பட்டோம். எருமையக்கூடச் சந்தேகப்பட்டோம். இப்ப வண்டி எடுத்தப்போ உள்ள இல்லாதது யாரு? நாம மூணு பேரு. கோளாறே நாமதான்."

குழந்தைசாமி ஒத்துக்கொண்டார். எனவே அவர் வெளியே நடந்தபடியே, ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டார். வண்டி வேகமெடுத்துவிடாமல் மற்ற இருவரும் பின்னாலிருந்து பம்பரைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்கள். கார் நடைவேகத்தில் மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் இறங்கியது. ஆறுக்குட்டி மட்டும் உள்ளே உட்கார்ந்து, பின்கண்ணாடி வழியே கேட்டில் நின்று சிரிக்கிறவளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

முதல் வளைவில் பின்னாலிருந்து நாச்சிமுத்து அலறினார்.

"மச்சான்! வண்டி எடுத்தப்போ மாப்ள கண்ணை மூடியிருந்தான்!"

"அய்யோ, ஆமா!" என்றார் சென்னியப்பன். "மாப்ள, மூடு கண்ணை! வீடு போய்ச் சேர்ற வரைக்கும் தொறந்துறாத!"

ஆறுக்குட்டி சந்தோஷமாக மூடிக்கொண்டான். "ஸ்டீயரிங் பிடிச்சிருக்கற நானும் மூடோணுங்களாண்ணா?" என்று கேட்டார் குழந்தைசாமி.

சென்னியப்பன் தீர யோசிக்க ஆரம்பித்தார்.