பால் பொங்காத வீடும் இரண்டு பூனைகளும்

காக்கைக்கு இன்னும் கறுப்பு ஏறாத காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் மருதாயி என்று ஒருத்தி இருந்தாள். அவள் குடிசையை ஆற்று வெள்ளம் கொண்டுபோய்விட்டது. மிஞ்சியவை ஒரு பானை, ஒரு பாய், இரண்டு பூனைகள். பெரியது தளவாய், சின்னது பவுனு. இரண்டும் பேசும். பேசாமல் இருந்தால் தேவலை என்று மருதாயி பலமுறை நினைத்ததுண்டு.

ராஜா இரக்கப்பட்டு அவளுக்கு ஒரு காலி வீட்டைக் கொடுத்தார். கூட்டிவந்த மணியக்காரர் வண்டியைவிட்டு இறங்கவே இல்லை. ஒரு செம்புப் பாலை மட்டும் நீட்டினார்.

"இந்தாம்மா, இது மந்திரவாதி குடியிருந்த வீடு. பொழுது சாயறதுக்குள்ள பால் பொங்கினா வீடு உனக்கு. இல்லேன்னா வாசக்கதவே உன்னை வெளியே தள்ளிரும். இதுவரைக்கும் யாருக்கும் பொங்கினதில்லை."

"எனக்குப் போக வேற இடமில்லீங்களே!"

"எல்லாரும் அதைத்தான் சொன்னாங்க" என்று மாட்டைத் தட்டிவிட்டார் மணியக்காரர்.

பூனைகளைப் போட்டுக் கொண்டுவந்த சாக்கை அவிழ்த்ததும் பவுனு பரணில் ஏறிக்கொண்டது. தளவாய் நெல் குதிருக்குப் பின்னால் புகுந்துகொண்டது.

"வீடா இது? எங்க மோந்தாலும் அடுத்தவன் வாசனை!" என்றது தளவாய்.

"என் மூலை எங்கே? என் வெயில் எங்கே?" என்று அழுதது பவுனு.

"சும்மா கிடங்க. முதல்ல பால் பொங்கட்டும்."

மருதாயி கொஞ்சம் பாலை ஊற்றி அடுப்பை மூட்டினாள். பால் சூடேறியது, ஆடை கட்டியது, விளிம்புக்கு வந்தது. சளப், சளப், சளப்! பானை காலி. பக்கத்தில் ஆளே இல்லை.

"டேய் தளவாய், நீயா?"

"நானா? இங்கேயிருந்து வரவே மாட்டேன்னு சபதம் போட்டவன் நான்!"

மறுபடி ஊற்றினாள். இம்முறை அடுப்படியில் கிடந்த கரண்டியை ஓங்கிக்கொண்டு காவல் நின்றாள். பால் சூடேறியது, ஆடை கட்டியது, விளிம்புக்கு வந்தது. சளப், சளப், சளப்! பானை காலி. "ஸ்ஸ்... சுடுதே... இன்னும் பசிக்குதே" என்று காற்றில் ஒரு விசும்பல் கேட்டது.

வெயில் மஞ்சளாகிவிட்டது. வாசற்கதவு கிரீச்சென்று அவளை நோக்கி நகர ஆரம்பித்தது. செம்பில் மிஞ்சியது கொஞ்சம் பால். மருதாயி அதையும் அடுப்பில் ஏற்றினாள். ஆனால் அந்த விசும்பல் மனசைவிட்டுப் போகவில்லை. பாதியை அங்கே கிடந்த ஒரு கிண்ணத்தில் எடுத்து அடுப்போரம் வைத்தாள்.

"யாரு பெத்த புள்ளையோ! நாக்கை வேக வச்சுக்காதே. இதை ஆறவச்சுக் குடி."

"என்னது? எங்க பாலை ஊரு பேரு தெரியாதவனுக்கா?" பூனைகள் இரண்டும் பதுங்கியதை மறந்து வெளியே ஓடி வந்தன.

தளவாய் தூணில் கன்னத்தை உரசியது: "இது என்னோடது." அம்மியில் உரசியது: "இது என்னோடது." அடுப்படிக்கு வந்து வெறும் காற்றில் உரசியது. காற்று கதகதப்பாக, ஒரு முழங்காலைப்போல இருந்தது. பூனைக்கு அதெல்லாம் கணக்கில்லை.

"இதுவும் என்னோடது."

வீடு ஒரு குலுங்கு குலுங்கியது. காற்று இருந்த இடத்தில் ஒரு குண்டு மனிதன் உட்கார்ந்திருந்தான், மீசையெல்லாம் பாலாடையோடு.

"தாயி! நான் வேலப்பன், மந்திரவாதியோட சமையல்காரன். அவன் பால் காய்ச்சின அன்னிக்கு, பொங்குறதுக்கு முன்னாலயே ருசி பார்த்துட்டேன். 'யாராவது உன்னைத் தன்னோடதுன்னு சொல்ற வரைக்கும் கண்ணுக்குத் தெரியாம, பசி தீராமக் கிட'ன்னு சபிச்சுட்டான். பால் திருடனை யாரு அப்படிச் சொல்லுவா?"

"நாங்களும் அதே தொழில்தான்" என்றது பவுனு.

உஸ்ஸ்! பால் பொங்கி வழிந்து நெருப்பில் விழுந்தது. கதவு வெட்கப்பட்டாற்போலத் தன் இடத்துக்குப் போய் நின்றது. வீடு மருதாயியுடையதாயிற்று.

"விடுதலை! நான் ஊருக்குக் கிளம்புறேன் தாயி" என்றான் வேலப்பன். ஆனால் அதற்குள் பூனைகள் இரண்டும் அவன் மடியில் சுருண்டு தூங்கிப்போயிருந்தன. மெல்ல அசைந்து பார்த்தான். தளவாய் கண்ணைத் திறக்காமலே ஒரு நகத்தைப் பதித்தது.

"எழுந்திருக்கலாமா தாயி?"

"எழுந்துதான் பாரேன்" என்று சிரித்தாள் மருதாயி.

மந்திரவாதி போட்ட கட்டு அன்றோடு அவிழ்ந்தது. பூனைகள் போட்ட கட்டு அவிழவே இல்லை. கால் மரத்துப்போய், வாயெல்லாம் சிரிப்பாய், வேலப்பன் இன்னும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறான். அந்தப் பக்கம் போனால் கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள்.