ஹெப்சிபா மேடத்தின் மாத்திரை

"உங்க டப்பாவுல இருந்து ஒரு மாத்திரையை உடைச்சு நாக்குல வச்சுப் பார்த்துடட்டுமா மேடம்? கசந்தா மருந்து. கசக்கலைன்னா வெறும் மாவு."

கேட்டவர் டாக்டர் குற்றாலிங்கம். எதிரே உட்கார்ந்திருந்தவர் அவருடைய குரு, பேராசிரியர் ஹெப்சிபா. குருவைவிடச் சீடருக்கு ஆறு வயது கூடுதல். அதில் அவருக்கு ஒருநாளும் கூச்சம் இருந்ததில்லை.

தென்காசியில் கொடிகட்டிப் பறந்த டாக்டர் அவர். யார் வந்தாலும் குணமாக்கி அனுப்புவார். அல்சைமர் வந்தவர்களை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்க ஒரு மாத்திரையை எழுதிக் கொடுத்துவிட்டு, அவர்கள் பெற்ற பிள்ளையையே மறப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஒருநாள் வெறுத்துப்போய்க் கிளினிக்கை இழுத்து மூடினார். பாளையங்கோட்டைக்கு வந்து ஹெப்சிபாவின் ஆய்வுக்கூடத்தில் மாணவராகச் சேர்ந்தார்.

தலை நரைத்த பிறகு டெஸ்ட் டியூப் கழுவுகிறாராம் என்று ஊரே சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும் என்று கழுவினார்.

இரண்டு பேரும் சேர்ந்து, மூளையில் படிகிற கசடைக் கரைக்க ஒரு மருந்து செய்தார்கள். எலிகளிடம் பலித்தது. மனிதர்களிடம் பலிக்குமா என்று பார்க்கிற நேரத்தில், பாழாய்ப்போன அந்த நோய் ஹெப்சிபாவையே பிடித்தது. அவருக்கு அப்போதுதான் ஐம்பது தாண்டியிருந்தது.

அவர் வேலையை விட்டார். அதே ஆய்வில் நோயாளியாகப் பேர் கொடுத்தார். ஆய்வுக் கமிட்டி குடைந்து குடைந்து கேள்வி கேட்டுவிட்டுச் சரி என்றது.

ஆய்வின் விதி கறாரானது. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத மாத்திரை. பார்க்க இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். யாருக்கு எது போகிறது என்று விழுங்குகிறவருக்கும் தெரியக்கூடாது, கொடுக்கிற டாக்டருக்கும் தெரியக்கூடாது. தெரிந்தால் ஆசை கண்ணை மறைக்கும், ஆகாத மருந்தும் ஆனதுபோலத் தோன்றும். மாணவர்கள் மண்டையில் இதை ஏற்றியவரே ஹெப்சிபாதான்.

ஆனால் மேலே இருக்கிற சர்க்கரைப் பூச்சைச் சுரண்டினால் அசல் மருந்து குடலைப் புரட்டுகிற கசப்பு. குற்றாலிங்கத்துக்கு அது தெரியும். ஆர்வக்கோளாறில் ஒருமுறை நக்கிப் பார்த்து, மேடத்திடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர் அவர்.

"கசக்கலைன்னா என்ன செய்வீங்க?" என்று கேட்டார் ஹெப்சிபா.

குற்றாலிங்கம் கோட்டுப் பையிலிருந்து இன்னொரு டப்பாவை எடுத்தார். "இது நம்ம ஆய்வுக்கூடத்துல இருந்த அசல். மாத்தி வச்சுடுறேன். ஈ காக்காய்க்குத் தெரியாது."

"எதுக்கு டாக்டர்?"

"உங்க மூளை மேடம் அது. கண்ணு முன்னாடி கரைஞ்சு போகுது. நான் கையைக் கட்டிட்டு நிக்கணுமா? என்னால முடியலை."



ஹெப்சிபா அந்த டப்பாவை வாங்கினார். குலுக்கிப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார்.

"இதே ஆய்வுக்கு வந்தவங்க வெளியே நிறையப் பேர் உக்காந்திருக்காங்க. முதல்ல அவங்களுக்குக் கொடுங்க. யாருக்குக் கொடுக்கலாம்னு நீங்களே பார்த்து முடிவு பண்ணுங்க. மிச்சம் இருந்தா நான் போட்டுக்கிறேன்."

குற்றாலிங்கம் டப்பாவோடு வெளியே போனார்.

பெஞ்சில் ஒரு பழைய பஸ் கண்டக்டர், இல்லாத டிக்கெட்டைக் கிழித்துப் பக்கத்தில் இருந்தவரிடம் நீட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தது அவருடைய மகன். மகன் ஒவ்வொரு டிக்கெட்டையும் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டிருந்தான்.

அடுத்து ஒரு பூக்காரம்மா. தலைவாரிவிடுகிற மகளிடம், "நீ யார் வீட்டுப் பொண்ணும்மா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த மகள் டாக்டரைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். "எங்கம்மாவுக்கு மருந்துதானே சார் போகுது?"

குற்றாலிங்கம் டப்பாவைத் திறக்காமலே உள்ளே திரும்பினார்.

ஹெப்சிபா அவர் கையிலிருந்த டப்பாவைப் பார்த்தார். தன் டப்பாவிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார்.

ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. மாதாமாதம் ஞாபகப் பரிசோதனை. முதலில் கிழமை போனது, பிறகு ஊர்ப்பெயர் போனது. மேடத்துக்கு மார்க் போடும்போது குற்றாலிங்கத்தின் கை துறுதுறுத்தது. ஒரு மார்க்கைக்கூடக் கூட்டிப் போடவில்லை. வீட்டுக்குப் போய் அழுதார்.

கடைசிப் பரிசோதனைக்கு ஹெப்சிபாவைத் தங்கை ஜெசிந்தா கைப்பிடித்துக் கூட்டி வந்தார்.

"நீங்க யாருங்க?" என்று கேட்டார் ஹெப்சிபா.

குற்றாலிங்கம் எழுந்து நின்றார். "டாக்டருங்க. இந்த ஆய்வை நடத்துறவன்."

"அப்படியா. நான் முழுங்குறது மருந்தா, வெறும் மாவா?"

ஜெசிந்தா பின்னால் நின்றபடி கையெடுத்துக் கும்பிட்டார். மருந்துன்னு சொல்லிடுங்க என்று உதடு மட்டும் அசைந்தது.

குற்றாலிங்கம் தங்கையைப் பார்த்தார். குருவைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியாதுங்க."

"கொடுக்கிறதே நீங்கதானே?"

"ஆமா."

"அப்புறம் எப்படித் தெரியாம இருக்கும்?"

"தெரிஞ்சுக்க வழி இருந்துச்சு. ரொம்ப ஆசையாவும் இருந்துச்சு. தெரிஞ்சுக்கலை."

ஜெசிந்தாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "என்ன மனுஷன் சார் நீங்க? ஆறுதலுக்கு ஒரு வார்த்தை சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க?"

ஹெப்சிபா கையை உயர்த்தித் தங்கையை நிறுத்தினார். எதிரே நின்ற நரைத்த தலையை மேலும் கீழுமாகப் பார்த்தார். வளைந்திருந்த முதுகு நிமிர்ந்தது. முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"இவர் யாருன்னு எனக்கு ஞாபகம் வரலை ஜெசி," என்றார். "ஆனா எங்கிட்டதான் படிச்சிருக்கார்."