சொன்னதைச் செய்த வேட்பாளர்

மேலக்கரைப்பட்டி ஐந்தாவது வார்டில் இரண்டு முறை நின்று, இரண்டு முறையும் டெபாசிட்டைக் கோட்டைவிட்டவர் பரமதயாளன். மூன்றாவது முறையும் மனு போட்டுவிட்டு வந்து நின்றவரிடம் அவர் மனைவி வடிவு கறாராகச் சொல்லிவிட்டாள்.

"வாய்க்கு வந்த வாக்குறுதியெல்லாம் வேண்டாம். வார்டுல யாரு என்ன கேட்டாலும் காதுகுடுத்துக் கேளுங்க. கேட்டதைச் செஞ்சு முடிங்க. இந்தத் தடவையும் தோத்தா, எலெக்‌ஷன் பேச்சே இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாது."

பரமதயாளன் தலையாட்டிவிட்டு வெளியே வந்தார். உடனே கொம்பையா, உச்சிமாகாளி, சப்பாணிமுத்து ஆகிய தன் ஆலோசகர்களைக் கூட்டினார். அவரையும் சேர்த்து நான்கு பேருக்கும் மொத்தமாக அரை மூளை இருந்திருந்தால்கூட எனக்கு இந்தக் கதை கிடைத்திருக்காது.

முதல் வீட்டில் பேச்சியம்மாள் ஓடு ஒழுகுகிறது என்றாள். அப்போது சித்திரை வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. மழை வரும்வரை காத்திருந்தால் தேர்தலே முடிந்துவிடும் என்று, குடம் குடமாகத் தண்ணீரைக் கூரைமேல் ஏற்றி ஊற்றினார்கள். தண்ணீர் சரியாக அவள் சோற்றுப்பானைக்குள் சொட்டியது. அந்த இடத்தில் புது ஓடு போட்டார்கள். அவள் வாயில் வந்தபடி ஏசினாள், ஆனால் ஒழுக்கு நின்றது.

தெற்குத் தெருக்காரர்கள் நாய்த்தொல்லை என்றார்கள். பிஸ்கட்டைக் காட்டி நாய்களை வடக்குத் தெருவுக்குக் கூட்டிப்போனார்கள். வடக்குத் தெருக்காரர்களும் அதையே சொல்ல, திரும்பத் தெற்குக்கே கூட்டிவந்தார்கள். ஒரு வாரம் நடந்தே நாய்கள் ஓய்ந்துபோயின. குரைக்கத் தெம்பில்லாமல் கிடந்த இடத்திலேயே தூங்கின, இரண்டு தெருவும் நிம்மதியானது.

இந்த ஆள் சொன்னால் செய்கிறார் என்ற பேச்சு பரவியது. முதல் முறையாக அவர் ஜெயித்துவிடுவார் என்று ஊர் நம்பியது. எனக்கே ஆசையாக இருந்தது.

வாக்குப்பதிவுக்கு முந்தின நாள், எதிர்த்து நின்ற திரவியநாதன் வீடு வீடாகக் கும்பிட்டுக்கொண்டு வந்தார். பரமதயாளனைப் பார்த்ததும், "உங்க ஓட்டும் எனக்குத்தான், மறந்துராதீங்க" என்று சும்மா சிரித்துவிட்டுப் போனார்.

நால்வரும் உட்கார்ந்து ஆலோசித்தார்கள்.

"அவரு நம்ம வார்டா?" என்று கேட்டார் கொம்பையா.

"வடக்குத் தெரு. நாயைக் கொண்டுபோகச் சொன்னதுல அவரும் ஒருத்தரு," என்றார் உச்சிமாகாளி.

"அப்ப செஞ்சுதான் ஆகணும்," என்றார் சப்பாணிமுத்து.

பரமதயாளன் முடிவாகச் சொன்னார். "எதிராளிங்கிறதுக்காக அவரு கேட்டதை மட்டும் விட்டா, நாளைக்கு எவன் நம்மளை நம்புவான்?"

மறுநாள் காலையில் நால்வரும் குளித்து, திருநீறு பூசி, வரிசையில் நின்று திரவியநாதனுக்கு ஓட்டுப் போட்டார்கள்.

மூன்றே ஓட்டில் பரமதயாளன் தோற்றார். பேச்சியம்மாள் வாய்விட்டு அழுதாள். விஷயம் தெரிந்ததும் அழுகையை நிறுத்திவிட்டு விளக்குமாற்றோடு வந்தாள்.

"உம்ம ஓட்டையாவது உமக்குப் போடக்கூடாதாய்யா?"

"எப்படிம்மா போடுறது? எங்க வீட்டுக்கு நான் ஓட்டுக் கேட்டு வரவே இல்லையே."

சொன்ன பிறகுதான் தன் தவறு அவருக்கே உறைத்தது. அன்று மாலையே மாலையும் மேளமுமாக, மூவரும் பின்தொடர, தன் வீட்டுக்குப் போனார். வடிவின் உத்தரவு இருந்ததால் உள்ளே போகாமல் தெருவிலேயே நின்று, அடுத்த தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டுக் கும்பிட்டார். பிறகு மாலையைக் கழற்றிக் கொம்பையாவிடம் கொடுத்துவிட்டு, வீட்டுக்குள் நுழைந்து, இப்போது வாக்காளராகத் தலையை மட்டும் வெளியே நீட்டினார்.

"கேக்கும்போது எல்லாரும் இப்படித்தான் கும்பிடுவீங்க. ஜெயிச்சப்புறம் இந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்கமாட்டீங்க," என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

இவ்வளவு அவமானத்துக்குப் பிறகு வேட்பாளர் எங்கே போயிருப்பார் என்று மூவரும் தெருத்தெருவாகத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.