ஐப்பசியில் மேகம் இல்லாத நாடு

ஊரெல்லாம் மழைக்குக் குடை பிடிக்கும். குமுளங்கோட்டை ராஜா வெங்கலப்பரோ மழைதான் தமக்குக் குடை பிடிக்க வேண்டும் என்று நினைக்கிறவர். அப்படிப்பட்டவருக்கு வானத்தை ஆராயும் ஆசை வந்தால் என்ன ஆகும் என்பதைக் கேளுங்கள்.

கப்பலில் வந்த வணிகன் ஒருவன் அவரிடம் ஒரு பெரிய தொலைநோக்கியை விற்றுவிட்டுப் போனான். ராஜா அதைக் கன்னிமலை உச்சியில் நிறுத்தி, வானம் பார்க்கும் வேலைக்கு மாசிலாமணி என்பவனைப் போட்டார். மாசிலாமணி பொய் எழுதத் தெரியாதவன். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

குழாயில் கண் வைப்பதற்கு முன், அவன் வெறுங்கண்ணால் வானத்தை ஒரு சுற்றுப் பார்ப்பான். கார்த்திகைப் பெண்கள் ஆறு பேரும் தனித்தனியாகத் தெரிந்தால் ஏட்டில் "முதல் தரம்" என்று எழுதுவான். கலங்கலாகத் தெரிந்தால் "இரண்டாம் தரம்". மேகம் மூடியிருந்தால் "தேறாது". அதற்குக் கீழேதான் கண்டதையெல்லாம் குறிப்பான். "தேறாது" என்று போட்ட இரவின் குறிப்பை வைத்து யாரும் எதையும் முடிவு செய்யக் கூடாது. அதுதான் அவன் வைத்திருந்த முறை.

அரண்மனைச் சோதிடர் பட்டாபிராமருக்கு அந்த வேலையில் தம் மருமகனை உட்கார வைக்க ஆசை. ஒருநாள் ஏட்டைத் தூக்கிக்கொண்டு சபைக்கு வந்தார்.

"மகாராஜா, நூறு இரவில் எழுபதுக்கு 'தேறாது' என்று எழுதி வைத்திருக்கிறான். தங்கள் ராஜ்ஜியத்து வானத்துக்கு இப்படி ஒரு பழியா? அந்நிய தேசத்துத் தூதன் யாராவது படித்தால் நம் மானம் என்ன ஆவது?"

ராஜாவுக்குச் சுருக்கென்றது. "இன்று முதல் என் வானம் எந்நாளும் முதல் தரம். குறை என்று ஏட்டில் ஒரு வரி வரக் கூடாது. இன்னொரு முறை 'தேறாது' என்று எழுதினால் மாசிலாமணியின் கண்ணைத் தோண்டிவிடுங்கள். பார்க்கத் தெரியாதவனுக்குக் கண் எதற்கு?"

அப்போது ஐப்பசி மாதம். சபா மண்டபத்துக் கூரைமேல் மழை கொட்டுகிற சத்தத்தில் ராஜா பேசியது பாதிப் பேருக்குக் காதில் விழவில்லை. விழுந்தவர்கள், "ஆகா, என்ன நிர்மலமான வானம்" என்று தலையாட்டினார்கள். விழாதவர்கள் அதைப் பார்த்துத் தாங்களும் தலையாட்டினார்கள்.

கட்டளை காதுக்கு எட்டியதும் மாசிலாமணி நனைந்துகொண்டே மந்திரி ஆபத்சகாயத்தின் வீட்டுக்கு ஓடினான். அந்தச் சபையில் மூளையைக் கழற்றி வைக்காமல் உட்கார்ந்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

"ஐயா, பொய் எழுதினால் என் ஏடு பாழ். உண்மை எழுதினால் என் கண் பாழ். நான் என்ன செய்ய?"

"தரத்தை ராஜா சொன்னபடி எழுது. மற்றதை நீ கண்டபடி எழுது."

"இந்த மழையில் நான் காண்பதற்கு ஒன்றுமே இருக்காதே ஐயா."

"அதையேதான் எழுதச் சொல்கிறேன். காலையில் ஏட்டை எடுத்துக்கொண்டு நேரே சபைக்கு வந்துவிடு."

மறுநாள் சபை கூடியது. மாசிலாமணி ஏட்டோடு ஓரமாக நின்றான். ஆபத்சகாயம் எழுந்து பட்டாபிராமரைக் கும்பிட்டார்.

"சோதிடரே, ஒரு சந்தேகம். வானம் தெளிவாக இருக்கும்போது ஓர் அரசனின் ஜென்ம நட்சத்திரம் காணாமல் போனால், சாஸ்திரம் என்ன பலன் சொல்கிறது?"

சாஸ்திரம் என்றதும் பட்டாபிராமருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "இதிலென்ன சந்தேகம்? அந்த அரசன் பதினைந்து நாள் தாண்ட மாட்டான்."

"நன்றி" என்று சொல்லிவிட்டு ஆபத்சகாயம் ஏட்டை வாங்கிப் படித்தார். "ஐப்பசி ஏழு. வானம் முதல் தரம். குறை ஒன்றும் இல்லை. துருவ நட்சத்திரத்தைத் தேடினேன், இல்லை. கார்த்திகையைத் தேடினேன், இல்லை. ரோகிணியைத் தேடினேன், இல்லை."

ராஜாவின் ஜென்ம நட்சத்திரம் ரோகிணி. அவர் முகம் வெளுத்துவிட்டது.

பட்டாபிராமர் பதறி எழுந்தார். "மகாராஜா, நேற்று மழை பெய்ததே. மேகம் மறைத்திருக்கும்."

"மேகமா?" என்றார் ஆபத்சகாயம். "அப்படியானால் ராஜாவின் வானம் முதல் தரம் இல்லை என்கிறீரா?"

"ஐயோ, நான் எங்கே அப்படிச் சொன்னேன்? முதல் தரம்தான்."

"அப்படியென்றால் ரோகிணி போனது போனதுதான். மகாராஜா, நாள் குறைவாக இருக்கிறது. இளவரசருக்கு மணிமுடி செய்ய ஆசாரியைக் கூப்பிட்டு அளவெடுக்கச் சொல்லட்டுமா?"

"வாயை மூடு" என்று கத்தினார் ராஜா. பிறகு சோதிடரின் பக்கம் திரும்பினார். "மேகமா, மரணமா? ஒன்றைச் சொல்லும்."

"மேகம்தான் மகாராஜா. கன்னங்கரிய மேகம். அடியேன் வீட்டு முற்றத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறது. என் மாமியார் மேல் சத்தியம்."

தன் நாட்டில் மேகம் இருக்கிறது என்று கேட்டு அவ்வளவு சந்தோஷப்பட்ட அரசன் உலகத்திலேயே இருந்திருக்க மாட்டான். வெங்கலப்பர் பெருமூச்சு விட்டார். மெல்ல மெல்லச் சிரிப்பு வந்தது, பிறகு அடக்க முடியவில்லை.

"மாசிலாமணி, உன் கண் உன்னிடமே இருக்கட்டும். வேலையும் இருக்கட்டும்" என்று தம் சால்வையை எடுத்து அவனுக்குப் போர்த்தினார். மாசிலாமணி அந்தச் சால்வையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டான். மழைக்காலம் முடியும்வரை மலையுச்சியில் தங்கித் தொலைநோக்கி நனையாமல் ஓலைக்குடை பிடிக்கும் வேலை பட்டாபிராமருக்குக் கிடைத்தது. மருமகனையும் துணைக்கு அழைத்துப் போகலாம் என்று ராஜா பெரிய மனதோடு அனுமதி கொடுத்தார்.

பிறகு ஆபத்சகாயத்திடம், "அது சரி, நான் போட்ட அந்தக் கட்டளைக்கு நீ என்ன தரம் போடுவாய்?" என்று கேட்டார்.

"முதல் தரம், மகாராஜா."

"நிஜமாகவா சொல்கிறாய்?"

"கட்டளையைத் தாங்கள் இன்னும் ரத்து செய்யவில்லையே. எனக்கும் கண் இரண்டுதான் இருக்கிறது."