தாக்கிய சீட்டு ஏன் படுத்துக்கிடக்கிறது

அந்தக் காலத்தில், மிருகப் படச் சீட்டுகளை மோதவிடும் சீட்டாட்டம் வெறும் விளையாட்டாக இருக்கவில்லை. சீட்டில் உள்ள மிருகங்கள் நிஜமாகவே வந்து சண்டை போட்டன, வாய் திறந்து பேசவும் செய்தன. அப்போது சீட்டு என்றால் மரப்பலகைதான். சீட்டுக்காரர் படம் வரைந்த பலகையைத் தரையில் நிமிர்த்தி நிறுத்தினால் போதும். படத்தில் உள்ளது எங்கே இருந்தாலும் ஓடி வந்து நிற்க வேண்டும்.

மாசாத்தி என்ற சீட்டுக்காரியிடம் நாற்பது பலகைகள் இருந்தன. ஓர் ஊரையே ஓட்டுக்குள் ஒளிக்கும் ஆமை அதில் உண்டு. இரண்டு தலையாலும் இரண்டு திசை பார்க்கும் பருந்து உண்டு. ஆனால் அவள் கை போவது தணலியின் பலகைக்குத்தான். தணலி, தீ கக்கும் உடும்பு. ஒரே மூச்சில் எதிரியைச் சுட்டுத் தள்ளிவிடும். கெட்டிக்காரியாக இருப்பதில் இதுதான் தொல்லை. வேலை முழுக்கத் தணலி தலையில்தான் விடியும். மற்ற முப்பத்தொன்பதும் நிழலில் கண்ணயர்ந்துகொண்டிருந்தன.

தணலிக்கு அலுத்துவிட்டது. வயிற்றில் கொழுந்துவிட்டு எரிந்த நெருப்பு தேய்ந்து தேய்ந்து ஒரே ஒரு கங்கு மிஞ்சியிருந்தது. அதுவும் அணைந்தால் உயிர் போய்விடும்.

அன்று காலையில் மட்டும் நான்கு சண்டை. ஐந்தாவதற்கு, அடிக்கடி மோத வரும் நெடுங்கோ என்ற சீட்டுக்காரன் எதிரே வந்து உட்கார்ந்து, வழக்கம்போலத் தன் பச்சோந்தியை நிறுத்தினான். எதிரி எதைச் செய்கிறதோ அதை அப்படியே திருப்பிச் செய்வது அதன் வித்தை. மாசாத்தி யோசிக்கவே இல்லை, தணலியின் பலகையை நிமிர்த்தினாள்.

“தாயி, முடியலை. ஆமையைக் கூப்பிடு,” என்றது தணலி.

“இந்த ஒண்ணு மட்டும். முடிச்சுட்டுப் போய்ப் படு.”

“காலையிலிருந்து இதையேதான் சொல்றே. இன்னொரு தடவை ஊதினா நான் செத்துடுவேன்.”

“ஊதலைன்னா உன் படத்தைச் சுரண்டிப்புடுவேன்,” என்று மாசாத்தி நகத்தைப் பலகைமேல் வைத்தாள். படம் போனால் அந்த மிருகமும் இருந்த இடம் தெரியாமல் போய்விடும்.

ஊதினாலும் சாவு, ஊதாவிட்டாலும் சாவு. பயப்படக்கூடத் தணலிக்குத் தெம்பில்லை. “சுரண்டிக்கோ,” என்று சொல்லிவிட்டுக் களத்தின் நடுவிலேயே ஒருக்களித்துப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டது.

நகம் இறங்கும் முன் எதிர்ப்பக்கம் தொப்பென்று ஒரு சத்தம். பச்சோந்தியும் ஒருக்களித்துப் படுத்திருந்தது.

“எந்திரி!” என்று நெடுங்கோ கத்தினான். “உன்னை யாரு படுக்கச் சொன்னது?”

அது அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை. “அக்கா,” என்றது தணலியிடம், “நீ செய்யறதைத்தானே நான் செய்ய முடியும்? நீ எப்போ படுப்பேன்னு எத்தனை நாளாக் காத்துக்கிடந்தேன் தெரியுமா?”

தணலி ஒரு கண்ணைத் திறந்தது. இத்தனை நாளும் தன்னோடு சேர்ந்து இதுவும் எரிந்திருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. பாவமாக இருந்தது.

“தூங்குடா,” என்றது.

இரண்டு பலகைகளும் தாமாகவே பக்கவாட்டில் சாய்ந்தன. மிருகம் படுத்தால் பலகையும் சாயும் என்பது அதுவரை யாருக்கும் தெரியாது, ஏனென்றால் எந்த மிருகமும் படுத்ததில்லை. நெடுங்கோ நிமிர்த்தி நிமிர்த்திப் பார்த்தான், நிற்கவில்லை. வேறு வழியில்லாமல் மாசாத்தி ஆமையைக் கூப்பிட்டாள். அது முனகிக்கொண்டே வந்தது. அந்தச் சுற்று முடிந்த பிறகு தணலியின் பலகை தானாக எழுந்து நின்றது. வயிற்றுக் கங்கு சிவந்திருந்தது. மாசாத்திக்குத் தன் நகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

அன்று முதல்தான், தாக்கி முடித்த சீட்டைப் பக்கவாட்டில் படுக்கவைக்கும் வழக்கம் வந்தது. இன்றைக்கும் அவசரக்காரர் யாராவது தன் முறை வரும் முன்பே அதை நிமிர்த்தப் போனால், எதிரே இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்கிறார். “விடுங்க, அது தூங்கட்டும்.”