‘எங்கள் மேடு’ ‘நம் மேடு’ ஆன கதை

ஏரியின் வடகரையில் ஒரு மண்மேடு. அதில் தலைமுறை தலைமுறையாக ஆள்காட்டிக் குருவிகள் வாழ்ந்துவந்தன. மரத்தில் கூடு கட்டத் தெரியாத பறவைகள்! அந்த வெறுந்தரையில்தான் முட்டையிடும். மேடு போனால் குஞ்சு இல்லை.

தினமும் விடிந்ததும் அவை பாடும்:

“எங்கள் மேடு எங்கள் மேடு
எம்மைப் பெற்றோர் பிறந்த மேடு!”

ஒரு கோடையில் காலில் முள் தைத்த காட்டுப்பன்றி ஒன்று நொண்டி நொண்டி வந்தது. ஆளைக் கண்டாலே கத்தி ஊரைக் கூட்டும் பறவைகள், பாவம் பார்த்துச் சும்மா இருந்துவிட்டன. தங்க இடமும் கொடுத்தன.

மறுநாள் பாட்டைக் கேட்ட பன்றி கண்ணைத் துடைத்துக்கொண்டது.

“அருமையான பாட்டு! ஒரு வார்த்தைதான் குத்துகிறது.”

“எந்த வார்த்தை, பன்றியாரே?” என்று கேட்டது தலைவி செம்மூக்கி.

“‘எங்கள்’ என்கிறீர்களே! அப்படியானால் நான் அந்நியனா? ‘நம்’ என்று பாடக் கூடாதா?”

செம்மூக்கிக்கு வெட்கமாகிவிட்டது. விருந்தாளி மனம் நோகலாமா?

“அக்கா, பூட்டன் கட்டிய பாட்டு! அதில் கை வைக்காதே!” என்று பதறியது அதன் தங்கை.

“போடி! ஒரு வார்த்தையில் என்ன குறைந்துவிடப் போகிறது?”

அன்று முதல் “நம் மேடு நம் மேடு” என்றே பாடின. பன்றியும் கூடவே உறுமிற்று. கால் புண் ஆறியதும் உறவுகளை எல்லாம் அழைத்து வந்தது. கேட்டால், “நம் மேடுதானே!” என்றது.

ஒருநாள் உச்சி வெயில். சுடும் முட்டைகளைக் குளிர்விக்க, நெஞ்சிறகை நனைத்துவர எல்லாப் பறவைகளும் ஏரிக்குப் போயின. திரும்பி வந்தவை அதிர்ந்துபோயின.

ஐயோ, மேட்டைக் காணோம்! கிழங்குக்காகப் பன்றிகள் அதைக் குடைந்து பள்ளமாக்கியிருந்தன. முட்டை ஓடுகள் மிதிபட்டுக் கிடந்தன. பன்றிக் கூட்டமோ பாடிக்கொண்டிருந்தது:

“எங்கள் மேடு எங்கள் மேடு
எம்மைப் பெற்றோர் பிறந்த மேடு!”

“அடப்பாவி! ‘நம்’ என்று பாடச் சொன்னதே நீதானே!” என்று அலறியது செம்மூக்கி.

பன்றி நிதானமாக நிமிர்ந்தது. “ஆமாம், ‘நம் மேடு’ என்று நீங்களே வாயாரப் பாடினீர்கள். அந்த ‘நம்’மில் நாங்கள் இருக்கிறோம். சரி, நீங்கள் யார்?”

செம்மூக்கி முட்டை இருந்த இடத்துக்கு ஓடியது. நெஞ்சிறகிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதை வாங்கிக்கொள்ளக் கீழே ஒரு முட்டைகூட இல்லை.

‘எங்கள்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் வெட்கப்பட்டு ‘நம்’ என்று சொல்கிறவர், ஒருநாள் தம் சொந்த மண்ணிலேயே வெறும் ‘நீங்கள்’ ஆகிவிடுவார்.